ஆந்தைக்குக் கண் வைத்த டாக்டர்

எடுத்த படத்தை எடுத்தபடி விட்டுவைக்க மனசு வராதவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. காட்டில் தன் பாட்டுக்கு இருக்கும் பிராணியைத் தேடிப் போய்ப் படம் எடுத்துவந்து, வீட்டில் உட்கார்ந்து அந்தப் பிராணியை இன்னும் கொஞ்சம் பிராணியாக்குகிறவர்கள் இவர்கள். மீன்கொத்திக்கு இன்னும் கொஞ்சம் நீலம், மானுக்கு இன்னும் கொஞ்சம் மருட்சி, கழுகுக்கு இன்னும் கொஞ்சம் கோபம், வானத்துக்கு இன்னும் கொஞ்சம் வானம். பெற்ற தாயே தன் குஞ்சை அடையாளம் கண்டுபிடிக்க முடியாத நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, நாற்காலியில் சாய்ந்து, "இப்பத்தான் நேச்சுரலா இருக்கு" என்பார்கள். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் இன்னும்கொஞ்சக்காரர்கள். நானும் அதில் ஒருவன் என்பதால் பெயர் வைக்கும் உரிமை எனக்கு உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறீர்களா? ரொம்பச் சுலபம். காட்டில் மட்டும் தேடாதீர்கள், அங்கே அபூர்வமாகத்தான் தட்டுப்படுவார்கள். விசேஷ வீட்டில் எல்லாரும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்தான். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பது அவர் கவலை. பிறந்த குழந்தையைத் தொட்டிலில் காட்டினால், "அழகு, அழகு. அந்தத் திரைச்சீலைதான் கொஞ்சம் தொந்தரவா இருக்கு" என்பார். நீங்கள் துக்கத்தில் அழுதுகொண்டிருந்தால் ஆறுதல் சொல்லத்தான் பக்கத்தில் வருகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கண்ணீரில் ட்யூப் லைட் எப்படி மின்னுகிறது என்று பார்க்க வருகிறார்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். பல் டாக்டர். பகலெல்லாம், "ஆ காட்டுங்க, இன்னும் கொஞ்சம் பெரிசா, இன்னும் கொஞ்சம்" என்று அடுத்தவர் வாயைப் பார்த்துக் கெஞ்சுகிற பிழைப்பு. இப்படிப்பட்டவர் எங்கள் இனத்தில் வந்து சேராமல் வேறு எங்கே போவார்? ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் கிளினிக் ஜன்னலில் வந்து உட்கார்ந்த ஒரு மரங்கொத்தியைச் சின்ன கேமராவில் எடுத்தார். நன்றாகவே இருந்தது. அதோடு விட்டிருந்தால் குடும்பம் பிழைத்திருக்கும். யாரோ சொன்னார்கள் என்று அந்தப் படத்தை எங்கள் காட்டுயிர்ப் படக்குழுவில் கொண்டுவந்து காட்டி, "எப்படி இருக்குன்னு மனசு விட்டுச் சொல்லுங்க" என்றார்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான். நாங்கள் மனசு விட்டுச் சொன்னோம்.

"பறவை மிளகு அளவுக்குத்தான் இருக்கு, லென்ஸ் பத்தாது" என்றோம். பெரிய லென்ஸ் வாங்கினார். லென்ஸ் கனத்தில் கை ஆடியது, ஆகவே முக்காலி வாங்கினார். முக்காலிக்குத் தலை தனியாக விற்கிறார்கள் என்று தெரிந்து தலை வாங்கினார். இவ்வளவையும் சுமக்க முதுகுப் பை, முதுகுப் பையைச் சுமந்ததால் முதுகுக்கு ஒரு பெல்ட், லென்ஸுக்குள் பூஞ்சை வராமல் இருக்க ஈரம் உறிஞ்சும் அலமாரி, படங்கள் பெரிதாகிவிட்டதால் பெரிய கணினி, கணினியில் நிறம் பொய் சொல்கிறது என்று நாங்கள் பயமுறுத்தியதால் பொய் சொல்லாத மானிட்டர், சுவரின் மஞ்சள் அந்த மானிட்டரில் பிரதிபலித்து அதையும் பொய் சொல்ல வைக்கிறது என்று கண்டுபிடித்ததால் அறை முழுக்கச் சாம்பல் நிறப் பெயின்ட். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. கடைசியில் பார்த்தால், வெளியே மரத்தில் பறவை வந்து உட்கார்ந்தாலும் தெரியாத ஓர் அறையில் உட்கார்ந்து டாக்டர் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அறையில்தான் வில்லங்கம் ஆரம்பித்தது.

வீட்டில் இருப்பதே இரண்டு அறை. டாக்டருடைய மகளுக்கு இது பள்ளியின் கடைசி வருஷம். இரண்டாவது அறையில் அப்பாவின் அலமாரியும் மானிட்டரும் சட்டமாக உட்கார்ந்திருக்க, அந்தப் பெண் பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டுப் படித்தாள். மெஷின் சுழலும்போது அவள் படித்த வேதியியலும் சேர்ந்து சுழன்றது. துணி பிழிகிற கட்டம் வந்துவிட்டால் புத்தகத்தைக் கையில் பிடிக்க முடியாது. பெண் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது அம்மா. அம்மா வக்கீல்.

"என்னங்க, வருஷா வருஷம் கண்காட்சிக்குப் படம் அனுப்பறீங்க. என்ன சொல்றாங்க?"

"நல்ல முயற்சின்னு சொல்றாங்க."

எங்கள் பாஷையில் அது இரங்கல் செய்தி. வக்கீலம்மாவுக்கு அது தெரிந்திருந்தது.

"சரி, ஒரு முடிவுக்கு வருவோம். இந்த வருஷம் உங்க படம் கண்காட்சிச் சுவர்ல ஏறிச்சுன்னா, அந்த ரூம் உங்களுக்கு. நான் வாயே திறக்க மாட்டேன். ஏறலைன்னா ரூம் அவளுக்கு. சம்மதமா?"

"சம்மதம்."

"சத்தமா சொல்லுங்க. சாட்சிக்குக் காதுல விழணும்."

பாதிக்கப்பட்டவளே சாட்சி. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "கேட்டுச்சும்மா" என்றாள்.

அதற்கப்புறம் டாக்டருக்கு நிற்க இருக்க முடியவில்லை. பரீட்சைக்கு முந்தின விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு காட்டோர விடுதிக்குக் கிளம்பினார். காரில் முன் சீட்டில் லென்ஸ், சீட் பெல்ட்டோடு. பின் சீட்டில் மனைவியும் மகளும், மடியில் முக்காலியோடு. முதல் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம், மகள்தான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். பட்டுப்போன ஒரு மரத்தின் கவட்டையில், உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுக்கு ஒரு குட்டி ஆந்தை.

ஆனால் அது ரொம்பப் பக்கத்தில் இருந்தது! அவ்வளவு பெரிய லென்ஸுக்குக் கிட்டத்தில் இருப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தூரத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும். ஊரில் பலருடைய குணமும் அதுதான் என்பதால் லென்ஸைக் குறை சொல்வதற்கில்லை. உலகத்தில் பறவையைப் பார்க்கிற எல்லாரும் முன்னால் நடப்பார்கள். டாக்டர் பின்னால் நடந்தார். நடந்து, ஒரு முட்செடியில் உட்கார்ந்து, எழுந்து, இன்னும் பின்னால் நடந்து, ஒருவழியாக லென்ஸின் மனசு இறங்குகிற தூரத்துக்குப் போய் மடமடவென்று அழுத்தினார். கவட்டையிலிருந்து இரண்டு உருண்டைக் கரும்பொட்டுகள் அவரை வைத்த கண் வாங்காமல் பார்த்தன. பிறகு வழக்கப்படி கேமராவின் பின்திரைக்குக் கையால் நிழல் கொடுத்துக்கொண்டு, எடுத்த படத்தைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கிப் பார்த்தார். தலையைத் தூக்கியபோது கவட்டை காலியாக இருந்தது.

"கண்ணு அப்படியே குத்துது!" என்றார் டாக்டர். வீட்டுக்கு வரும்வரை காரில் அந்த ஒரு வாக்கியம்தான்.

ஊர் திரும்பியதும் படத்தைக் குழுவில் போட்டார். இந்த இடத்தில் எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தலைவர் ஆடிட்டர்; எந்தப் படத்தைப் பார்த்தாலும் எங்கேயோ உதைக்கிறது என்பார், எங்கே என்று சொல்ல மாட்டார். அடுத்தவர் துணிக்கடைக்காரர், செல்லமாகக் கத்தரி; எதையும் பாதியாக வெட்டினால் அழகு கூடும் என்பது அவர் சித்தாந்தம். மூன்றாமவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார், பட்டப்பெயர் தூசி. படத்தில் பிரதானமானதைத் தவிர மற்ற எல்லாம் அவருக்குத் தொந்தரவு. அப்புறம் நான். பத்திரிகை ஒன்றில் பிழை திருத்துகிறவன். விட்டுப்போனதைக் கண்டுபிடித்துச் சேர்ப்பது எனக்குத் தொழில். நாங்கள் நால்வரும் இதுவரை உருப்படியாக ஒரு படம் எடுத்ததில்லை என்பதை இங்கே சொல்ல அவசியமில்லை.

முதலில் தூசி வந்தார்: "அருமை டாக்டர். ஆனா சுத்தி மூணு குருவி உட்கார்ந்திருக்கே, பார்வை அங்கே போகுது. எடுத்துடுங்க." டாக்டர் எடுத்துவிட்டார். மூன்று சொடுக்கு, மூன்று குருவியும் வானத்தில் கரைந்தன.

பிறகு கத்தரி: "கண்ணுதான் சார் கதை. உடம்பு எதுக்கு? கழுத்துக்குக் கீழே வெட்டுங்க." வெட்டினார்.

பிறகு தலைவர்: "எங்கேயோ உதைக்குது." ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு மறுநாள் காலையில், "கண்ணுல உயிர் இல்லை" என்றார். கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னினால்தான் படத்துக்கு உயிர் வரும் என்பது எங்கள் இனத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. புள்ளி இல்லாத கண்ணை நாங்கள் கண்ணாகவே மதிப்பதில்லை. டாக்டர் இரண்டு கண்ணிலும் ஆளுக்கொரு புள்ளி வைத்தார். குழுவே ஆடிப்போய்விட்டது. "பார்வையா இது, ஈட்டி!" என்றார் கத்தரி. "என் பாவத்தையெல்லாம் கேக்கற மாதிரி இருக்கு" என்றார் தலைவர். ஆடிட்டர் சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்று எல்லாரும் ஆமோதித்தோம்.

எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் மட்டும் சும்மா இருந்தால் எப்படி? இருபது வருஷமாக விடுபட்ட கொம்பையும் காலையும் சேர்த்துக்கொண்டிருப்பவன் அல்லவா? உற்றுப் பார்த்தேன். உற்றுப் பார்த்து, "டாக்டர், அலகு தெரியலையே" என்றேன்.

டாக்டரும் பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டு கண்ணுக்கும் நடுவில் இறகு, இறகு, இறகு. அலகைக் காணோம். நியாயமாக எந்த மனுஷனும் அங்கே கொஞ்சம் நின்று யோசித்திருப்பான். இன்னும்கொஞ்சக்காரர் யோசிக்க மாட்டார். "இறகுக்குள்ள புதைஞ்சிருக்கு, வெளியே கொண்டுவரணும்" என்று முடிவு செய்தார். உடைந்த பல்லுக்கு மேல் அச்சு அசலாக இன்னொரு பல்லைக் கட்டி எழுப்புகிற கை அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தார். சாயங்காலம் ஆந்தைக்கு அலகு முளைத்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, லட்சணமான அலகு.

வக்கீலம்மா எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, பொம்மைக் கடையில வச்சிருக்கற மாதிரி இருக்கு?"

"நீ நிக்கற ஆங்கிள் சரியில்லை."

மகளும் வந்து பார்த்தாள். "அப்பா, இது வந்து..." என்று கையை நீட்டினாள்.

"ஸ்க்ரீன்ல விரல் வைக்காதேம்மா!"

அவள் விரலை மடக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள்.

படம் தேர்வாகிவிட்டது. தேர்வுக் குழுவில் இருந்தது யார் என்றுதானே கேட்கிறீர்கள்? நாங்கள்தான். எங்கள் கை பட்ட படத்தை நாங்களே எப்படி நிராகரிப்பது? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நகர நூலகத்தின் மாடிக் கூடத்தில், உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில், 'ஊடுருவும் பார்வை' என்ற தலைப்போடு டாக்டரின் ஆந்தை ஓர் ஆள் உயரத்துக்கு ஏறி உட்கார்ந்தது. டாக்டர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மனைவி மகளோடு வந்து, படத்துக்குப் பக்கத்தில் சும்மா தற்செயலாக நிற்பவர் மாதிரி நின்றார். அறை அவருக்குத்தான். வக்கீலம்மா வாயே திறக்கவில்லை, சொன்ன சொல் தவறாதவள்.

திறந்துவைக்க வந்தவர் ஒரு பறவை ஆய்வாளர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட அம்மாள், பேச்சுக் குறைவு. ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், ஆந்தையின் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். தலைவர் டாக்டரின் தோளில் தட்டினார். கத்தரி கைபேசியை எடுத்து வீடியோவை ஓடவிட்டார், பாராட்டுரையைப் பதிவு செய்ய.

"இது யார் எடுத்தது?"

"நான்தாங்க."

"ரொம்ப நல்ல பிடரி."

டாக்டர் தன் பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"உங்களது இல்ல சார். ஆந்தையோடது. இந்தச் சின்ன ஆந்தைக்குத் தலைக்குப் பின்னாடி கண்ணு மாதிரியே ரெண்டு பொட்டு இருக்கும். பின்பக்கமா வர்றவங்க, நம்மளைப் பார்த்துட்டு இருக்குன்னு நினைச்சுப் பயப்படட்டும்னு. இது பின்மண்டை. அதெல்லாம் சரி, பின்மண்டையில இந்த மூக்கு எப்படி வந்துச்சு?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது கேள்விப்பட்டிருக்கிறோம். நாங்கள் பின்மண்டையைப் பிடித்து முகமாக முடித்திருந்தோம். உடம்பை வெட்டாமல் இருந்திருந்தால் முதுகில் மடித்த சிறகாவது காட்டிக் கொடுத்திருக்கும். கத்தரி வீடியோவை நிறுத்திவிட்டுக் காபி இருக்கும் மூலைக்குப் போனார். தூசி தன் சட்டையில் எதையோ தட்டிவிட்டுக்கொண்டார். நான் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் குறிப்புகளை ஆழ்ந்து படித்தேன். இரண்டு எழுத்துப் பிழை இருந்தது.

தலைவர் மட்டும் அசரவில்லை. ஆடிட்டர் அல்லவா, எந்தக் கணக்கையும் நேர்செய்கிறவர். "அதுதாங்க மேடம் இதோட கான்செப்ட்டே!" என்றார். "பொய்யான பார்வை. பார்க்கறவங்க ஏமாறணும். டாக்டர் ஆறு மாசமா யோசிச்சுச் செஞ்சது." சொல்லிக்கொண்டே 'ஊடுருவும் பார்வை' என்ற சீட்டை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். "அப்படித்தானே டாக்டர்?"

இப்போது டாக்டரைப் பாருங்கள். ஒரு தலையாட்டல் போதும். படம் சுவரிலேயே இருக்கும், மானம் இருக்கும், சாம்பல் நிற அறையும் கறுப்புத் துணியும் பொய் சொல்லாத மானிட்டரும் ஆயுசுக்கும் அவருக்குத்தான். பின்னால் மனைவி நிற்கிறாள், பக்கத்தில் மகள். டாக்டர் தலையை ஆட்டத்தான் போனார், நான் பார்த்தேன். பாதி ஆட்டியதும் அவர் கண் அந்த அலகின் மேல் விழுந்தது. அவ்வளவு அக்கறையாக, ஓரம் ஓரமாக நிழல் கொடுத்து, நுனியில் லேசாக ஒரு மினுக்கு வைத்து, ஒரு பின்மண்டைக்குக் கட்டிய அலகு. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கால் வந்தது, பிறகு அடக்க முடியாமல் வயிற்றிலிருந்து வந்தது.

"இல்லைங்க மேடம். கான்செப்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. கண்ணுன்னு நினைச்சுத்தான் லைட் வச்சேன். மூக்கைக் காணோம்னு நான்தான் கட்டிவிட்டேன். பல் டாக்டர்ங்க நான், இல்லாததைக் கட்டித்தான் பழக்கம்."

ஆய்வாளர் அம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எதுவும் செய்யாத படம் இருக்கா?"

இருக்காமல் என்ன? எங்கள் இனம் எதையும் அழிக்காது. டாக்டர் கைபேசியில் தேடி எடுத்துக் கொடுத்தார். அம்மாள் விரலால் பெரிதாக்கினார். சிரிப்பு நின்றுவிட்டது.

"சார், இந்த மூணு குருவி எங்கே போச்சு?"

"தொந்தரவா இருக்குன்னு..."

"எது தொந்தரவு? சின்னக் குருவிங்க ஆந்தையைப் பார்த்தா கூட்டமா வந்து கொத்தி விரட்டும். இதுங்களும் பின்பக்கமா விரட்டத்தான் வந்திருக்கு. வந்து, அந்தப் பொட்டைப் பார்த்துட்டு, கிட்ட வராம நிக்குது பாருங்க. எத்தனையோ தடவை காட்டுல காத்துக் கிடந்திருக்கேன், இப்படி ஒரு படம் எனக்கு அமைஞ்சதில்லை. இதையா நீங்க..." அவர் மேலே சொல்லாமல் விட்டது எங்கள் அதிர்ஷ்டம்.

டாக்டர் குருவிகளைப் பார்த்தார். வாய் பிளந்து, சிறகு விரித்து, பின்மண்டையைப் பார்த்து மிரண்டுபோய் நின்றன மூன்றும். "எங்க தேர்வுக் குழு மாதிரியே இருக்குங்க" என்றார்.

அப்போதுதான் மகள் மெதுவாகச் சொன்னாள்:

"அது திரும்பிச்சுப்பா."

"எது?"

"ஆந்தை. நீங்க எடுத்து முடிச்சதும் திரும்பிச்சு."

"எப்போ? நான் பார்க்கலையே!"

"நீங்க கேமராவோட பின்பக்கம் பார்த்துட்டு இருந்தீங்க. நான் கூப்பிட்டேன். ஒரு நிமிஷம் இருன்னீங்க."

டாக்டர் மகள் பக்கம் குனிந்தார். "முகம் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார். ஊரில் இருக்கிற லென்ஸெல்லாம் வாங்கிய மனுஷன், ஒரு சின்னப் பெண்ணிடம் ஒரு முகத்தைக் கேட்டு நின்றார்.

"ரொம்பக் குட்டி முகம்ப்பா. வெள்ளைப் புருவம், மஞ்சள் கண்ணு. தூங்கி எழுந்த மாதிரி இருந்துச்சு. உங்களையே பார்த்துச்சு. பார்த்துட்டு, வாயைப் பெரிசாத் திறந்து கொட்டாவி விட்டுச்சு. உள்ளே எல்லாம் இளஞ்சிவப்பா தெரிஞ்சுச்சு. அப்புறம் பறந்துடுச்சு."

டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். வாழ்நாள் முழுக்க ஊர் வாயைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சியவர். கெஞ்சாமலே ஒரு வாய் அவரைப் பார்த்துத் தானாகத் திறந்தபோது, அவர் தலை குனிந்து அதன் பின்மண்டையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். மகள் மேல் அவருக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு பொறாமை போய், அவளாவது பார்த்தாளே என்று இருந்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வக்கீலம்மா நியாயத்தை நியாயமாகவே பேசினாள். "படம் சுவர்ல ஏறினா ரூம் உங்களுக்குன்னுதான் பேச்சு. ஏறிடுச்சு. நான் சொன்ன சொல் மாற மாட்டேன்."

"சுவர்ல இருக்கறது என் படமில்லை. அதுல அந்த மூக்கு மட்டும்தான் என்னுது" என்றார் டாக்டர். "ரூமை அவ எடுத்துக்கட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய் அலமாரியை நகர்த்திக் கொடுத்தோம். கறுப்புத் துணியை அந்தப் பெண்ணே பிய்த்து எறிந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருந்தது. அதுவரை எங்களில் யாரும் பார்க்காத மரம். மானிட்டர் பால்கனியில் வாஷிங் மெஷின் பக்கத்துக்குப் போனது. மெஷின் ஓடும்போது நிறம் என்ன, படமே நிலையாகத் தெரியாது. ஆய்வாளர் அம்மாள் கேட்டுக்கொண்டபடி, குருவியும் சிறகும் பின்மண்டையுமாக, எதுவும் செய்யாத படத்தைக் கண்காட்சியில் மாற்றி மாட்டினார்கள். மாட்டிய அன்றே தூசி குழுவில் எழுதினார்: "மூணாவது குருவி கொஞ்சம் ஷார்ப்பா இருந்திருக்கலாம்." டாக்டர் அதற்குப் பதில் போடவில்லை. திருந்திவிட்டாரா என்று கேட்காதீர்கள். நேற்று என் மகனுடைய பாஸ்போர்ட் படத்தைக் காட்டினேன். கையில் வாங்கி, தள்ளி வைத்துப் பார்த்து, உதட்டைக் கடித்து, ரொம்பக் கஷ்டப்பட்டு, "நல்லா இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பாவம், வேர்த்துவிட்டது அவருக்கு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். உங்களிடம் பெரிய லென்ஸும் இல்லை, முக்காலியும் இல்லை, ஆந்தை இருக்கும் காட்டுக்கு நீங்கள் போனதும் இல்லை. போன விடுமுறையில் குடும்பத்தோடு நின்று கைபேசியில் ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான். முதல் தடவை எடுத்ததில் குழந்தை வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது, உங்கள் அண்ணி அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு எடுத்துடலாம்" என்றீர்கள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் வெளிச்சம் சரியில்லை என்று எல்லாரையும் இந்தப் பக்கம் நகர்த்தி இன்னொன்று. கடைசிப் படத்தில் எல்லாரும் வரிசையாக நின்று நேராகப் பார்த்தார்கள், குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவ்வளவு படங்களில் எதை ஊருக்கெல்லாம் அனுப்பினீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை. உங்கள் தொப்பை உள்ளே போயிருந்த படத்தைத்தானே?